ஆட்டு வைத்தியர் நட்ட கோபுரமும் மூன்று அக்கா தங்கைகளும்: கார்ட்டர் சகோதரிகளின் கதை

வணக்கம். ஆட்டுக்கடாவின் விதையை மனிதனுக்குள் வைத்துத் தைத்தால் போன இளமை திரும்பி வந்துவிடும் என்று சொல்லி, ஆளுக்கு 750 டாலர் வாங்கிய ஒரு வைத்தியர் அமெரிக்காவில் இருந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த மூன்று அக்கா தங்கைகளின் குரல் நாடெங்கும் கேட்டது அவர் நட்ட வானொலிக் கோபுரத்திலிருந்துதான். தலைப்பைப் பார்த்துவிட்டு, இது சும்மா ஆள் பிடிக்கும் வேலை என்று நினைத்தவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். ஆடு நிச்சயம் வரும். அதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்துவிடலாம்.

(திரையில்: மலையடிவாரத்தில் ஒரு மரவீடு)

வர்ஜீனியா மாநிலம், கிளிஞ்ச் மலையடிவாரம், மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூர். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் ஆகிய மூவரும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் என்பவர் அங்கே பாடகர்களைத் தேடி ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். பாட்டுக்கு 50 டாலர். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்பார்கள்.

நான் நிற்பது வேறொரு காரணத்துக்காக. அன்று கிட்டாரை மடியில் வைத்திருந்த மேபெலுக்கு வயது 18. எட்டு மாதக் கர்ப்பிணி. அந்தக் குழந்தைதான் மூத்தவள் ஹெலன். செப்டம்பர் 12 அன்று பிறந்தாள். கன்ட்ரி இசை உலகம் பெருமையோடு நினைவுகூரும் ஒலிப்பதிவை வயிற்றுக்குள் இருந்தபடியே கேட்ட ஒரே ஆள்! நமக்கு உடனே அபிமன்யுதான் நினைவுக்கு வருகிறான், இல்லையா? அவனுக்கு வியூகத்துக்குள் நுழைய மட்டும்தான் தெரியும். ஹெலனும் அப்படித்தான். இசைக்குள் நுழைந்தவர் கடைசிவரை வெளியே வரவில்லை.

அடுத்தவள் பெயர் ஜூன், பிறந்தது 1929-இல். கடைக்குட்டி அனிட்டா, 1933-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரியவர்கள் மூவரும் கார்ட்டர் ஃபேமிலி என்ற பெயரில் இசைத்தட்டுகளை வெளியிட்டுப் பெயர் பெற்றார்கள். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, இசைத்தட்டு வாங்க மக்களிடம் காசு இல்லாமல் போனது. பின்னணி இவ்வளவு போதும்.

இப்போது ஆடு.

ஜான் பிரிங்க்லி. கான்சாஸ் மாநிலத்தின் மில்ஃபோர்ட் என்ற ஊரில் கடை விரித்தார். மருத்துவக் கடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பட்டம் காசுக்குப் பட்டம் விற்ற ஓர் இடத்தில் வாங்கியது. ஆட்டு விதைச் சிகிச்சையில் பணம் கொட்டியது. 1923-இல் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். நேயர்கள் நோயைக் கடிதத்தில் எழுதுவார்கள். இவர் ஆளையே பார்க்காமல் மைக்கில் மருந்து சொல்வார். அந்த மருந்தை விற்கும் கடைகளிடமிருந்து இவருக்குப் பங்கு வரும். இணையத்தில் வைத்தியம் சொல்கிறவர்களைப் பார்த்துக் காலம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறோமே, காலம் 1923-லேயே கெட்டுவிட்டது.

1930-இல் கான்சாஸ் அரசு அவருடைய மருத்துவ உரிமத்தைப் பறித்தது. வானொலி உரிமமும் போயிற்று. வேறொருவராக இருந்தால் ஊரைவிட்டு ஓடியிருப்பார். இவர் அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்றார்! தோற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார். இதற்கு நடுவே, அமெரிக்கச் சட்டம்தானே தொல்லை, சட்டம் எட்டாத இடத்தில் கோபுரத்தை நட்டால் என்ன என்று யோசித்தார்.

(திரையில்: வரைபடம். ரியோ கிராண்டே ஆறு, இக்கரையில் டெக்சாஸின் டெல் ரியோ, அக்கரையில் மெக்சிகோவின் வில்லா அகுன்யா)

வீடும் மருத்துவமனையும் இக்கரையில், ஒலிபரப்புக் கோபுரம் அக்கரையில். எக்ஸ்.இ.ஆர். என்று தொடங்கி, பிற்பாடு எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்று பெயர் மாறியது அந்த நிலையம். அமெரிக்காவில் ஒரு நிலையத்துக்கு வழக்கமாக அனுமதித்த உச்ச வலு 50,000 வாட். இவருடையது 500,000 வாட் என்று கணக்கு. 60 வாட் குண்டு பல்புகளாக எண்ணிப் பார்த்தேன். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் ஒரே நேரத்தில் எரிவது போன்ற வலு அது. முள்வேலிக் கம்பியிலும் பாட்டுக் கேட்டது என்று அந்தப் பக்கத்து ஆட்கள் கதை சொல்வார்கள். கதையை நான் நம்பவில்லை, கேட்க ஆசையாக இருக்கிறது. எல்லை தாண்டி வரும் பாட்டுக்கு ஒரு தனி ருசி உண்டு. இலங்கை வானொலியைக் காதில் ஒட்டவைத்து வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையே கேளுங்கள்.

வெறும் மருந்து விளம்பரத்தை யார் மணிக்கணக்கில் கேட்பார்கள்? நடுவே பாட்டு வேண்டும். சிகாகோவின் ஒரு மருந்து நிறுவனம் 1938-இல் கார்ட்டர் குடும்பத்தை டெல் ரியோவுக்கு அழைத்தது. ஆளுக்கு வாரம் 75 டாலர். ஊரிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். முதல் ஆண்டு மேபெல் அனிட்டாவை மட்டும் கூட்டிப் போனார். ஐந்து வயது அனிட்டா மைக்கில் பாடினாள். அடுத்த ஆண்டு ஹெலனும் ஜூனும் வந்து சேர்ந்தார்கள். அப்போது நிகழ்ச்சிகளை சான் அன்டோனியோவில் தட்டில் பதிந்து கோபுரத்துக்கு அனுப்பினார்கள்.

ஒரு கிளைக்கதை, விட மனம் இல்லை. அதற்குள் ஏ.பி.யும் சாராவும் மணமுறிவு பெற்றிருந்தார்கள். ஆனாலும் ஒரே மைக்கின் முன் நின்று பாடினார்கள். ஒரு நாள் சாரா, தான் விரும்பிய, தொலைவில் கலிபோர்னியாவில் இருந்த ஒருவருக்கு ஒரு பாட்டை ஒலிபரப்பிலேயே சமர்ப்பித்தாராம். அவர் அதைக் கேட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். இருவரும் 1939-இல் மணந்துகொண்டது மட்டும் உறுதி. மணமகன் வேறு யாருமில்லை, ஏ.பி.யின் உறவுக்காரரே. 500,000 வாட் எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்.

பிரிங்க்லி வழக்கில் தோற்று, திவாலாகி, 1942-இல் இறந்துபோனார். ஆடு முடிந்தது. இத்தோடு எழுந்து போகிறவர்கள் போகலாம், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

1943-இல் மூத்த குழு கலைந்தது. மேபெலுக்கு 34 வயது. தன் மூன்று பெண்களையும் நிறுத்திப் புதுக் குழு கட்டினார். பெயர் மதர் மேபெல் அண்ட் தி கார்ட்டர் சிஸ்டர்ஸ். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர வானொலியில் வேலை. அப்பா எஸ்ரா நிர்வாகம். இதை நான் சமையலறை போலத்தான் பார்க்கிறேன்: ஆளுக்கொரு வேலை, யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஹெலனுக்கு அக்கார்டியன். பத்து வயது அனிட்டாவுக்கு அவளைவிட உயரமான டபுள் பேஸ், நிற்கவைத்து வாசிக்கும் பெரிய தந்திக் கருவி. அம்மாவுக்குக் கிட்டார், 1928-இல் 275 டாலருக்கு வாங்கிய கிப்சன் நிறுவனத்துக் கிட்டார். கட்டைவிரல் தாழ்ந்த சுருதித் தந்திகளில் மெட்டை வாசிக்கும், மற்ற விரல் உயர்ந்த சுருதித் தந்திகளை வருடித் தாளம் கொடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.

ஜூனுக்கு ஆட்டோஹார்ப். சுரமண்டலம் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் குறுக்கே கட்டைகள் வைத்து, ஒன்றை அழுத்தினால் வேண்டாத தந்திகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்படி செய்தால் அதுதான் ஆட்டோஹார்ப். ஒருமுறை சுருதி சேர்த்துவிட்டால் தவறான சுரத்தைத் தொடவே விடாத கருவி. இதை ஏன் ஜூனிடம் கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஏனென்றால் ஜூனுக்குச் சுருதி நிற்காது. இதை நான் சொல்லவில்லை, அவரே வாய்நிறையச் சொல்லியிருக்கிறார். அக்காவும் தங்கையும் பாட்டில் கெட்டி. நடுவில் மாட்டிக்கொண்ட பெண் என்ன செய்வாள்? சிரிக்கவைத்தாள். ஆன்ட்டி பாலி என்று ஒரு பட்டிக்காட்டுப் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு மேடையில் கோமாளித்தனம் செய்தாள். பிற்காலத்தில் நியூயார்க் சென்று நடிப்பாசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் முறையாக நடிப்புப் பயின்றதும் இதே ஜூன்தான்.

ரிச்மண்டிலிருந்து நாக்ஸ்வில், அங்கிருந்து மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்ட். வழியில் ஒரு கூச்சசுபாவக் கிட்டார்க்காரர் சேர்ந்துகொண்டார். பல நிலையங்கள் வேலையைவிட்டு அனுப்பிய ஆள். பெயர் செட் அட்கின்ஸ். நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி மேடை இவர்களை அழைத்தபோது, நீங்கள் வாருங்கள், கிட்டார்க்காரர் வேண்டாம் என்றது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று நாஷ்வில்லின் வாத்தியக்காரர்களுக்குப் பயம். கன்ட்ரி இசையில் அதைவிடப் பெரிய மேடை கிடையாது. கார்ட்டர்கள் அவர் இல்லாமல் வரமாட்டோம் என்று இழுத்துப் பிடித்தார்கள். 1950-இல் ஐந்து பேருமாகப் போனார்கள். நாஷ்வில்லின் இசையையே மாற்றியமைத்தவர்களில் ஒருவராக அட்கின்ஸ் ஆனது பிறகு நடந்தது.

ஐம்பதுகளின் நடுவில் ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோடும் ஊர் ஊராகப் போனார்கள். அதே ராக் அண்ட் ரோல்தான் பழைய இசையின் சந்தையைச் சரித்தது. நாஷ்வில்லில் மேபெல் இரவு நேரங்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி உதவியாளர் வேலைக்குப் போனார். கிட்டார் வாசிப்புக்கே ஒரு புது வழி காட்டிய கை அது. அறுபதுகளில் நாட்டுப்பாடல் அலை கிளம்பி, 1963-இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடையில் இளைஞர்கள் அவரை வாய்பிளந்து பார்த்தார்கள். அதுவரை அவர் இருந்த இடத்தைத் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை.

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷும் ஜூனும் சேர்ந்த கதை உங்களுக்கே தெரியும், 1968-இல் திருமணம், எல்லாம் பலமுறை சொல்லப்பட்டது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு பாட்டு. ஜூனும் மெர்ல் கில்கோரும் சேர்ந்து எழுதிய 'ரிங் ஆஃப் ஃபயர்'. சுருதி நிற்காத அக்கா எழுதியதை, வீட்டிலேயே நல்ல குரல் என்று பெயர் வாங்கிய தங்கை அனிட்டாதான் முதலில் பாடிப் பதிந்தார். ஓடவில்லை. 1963-இல் கேஷ் அதில் மெக்சிகோ பாணி எக்காளங்களைச் சேர்த்துப் பாடினார். கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசையில் ஏழு வாரம் முதலிடம்.

மெக்சிகோ எக்காளம் என்றதும் எனக்கு டெல் ரியோ ஆற்றங்கரைதான் நினைவுக்கு வந்தது. தொடர்பு ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

இரண்டு பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அனிட்டா பாடியதை முதலில் கேளுங்கள், எக்காளம் காதில் ஏறுவதற்கு முன்னால். எது மேல் என்று கீழே எழுதுங்கள். நான் அனிட்டா கட்சி. ஹெலனின் அக்கார்டியனைத் தேடிக் கேட்கிறவர்கள் இருந்தால் தனியாக ஒரு வரி போடுங்கள், அவர்களுக்கு நானே பதில் எழுதுகிறேன்.