நெட்ஃப்ளிக்ஸ் படங்கள்: ஓர் ஈரத் தரை, ஒரு மரப் பொம்மை, ஓர் ஆர்மோனியம்

(திரையில்: கறுப்பு வெள்ளையில் கல் பதித்த ஒரு தரை)

வணக்கம். முதலில் இந்தத் தரையைப் பாருங்கள். ஒரு வீட்டில் கார் நிறுத்தும் முற்றம். சதுரம் சதுரமாகக் கல் பதித்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. அதன் மேல் பெயர்கள் வந்து போகின்றன. பக்கத்தில் யாரோ தேய்த்துக் கழுவும் சத்தம். அப்புறம் தண்ணீர் ஓர் அலைபோல வந்து தரையை நனைக்கிறது. தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம் தெரிகிறது. அந்த வானத்தில் சின்னதாக ஒரு விமானம் கடந்து போகிறது. அதுவரை கேமரா அசைவதே இல்லை.

இது ‘ரோமா’. 2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அந்த நிறுவனம் தன் பெயரில் வெளியிட்ட படங்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இன்றைக்கு இதையும் இன்னும் சில படங்களையும் பற்றிப் பேசப்போகிறேன். இவையெல்லாம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் பார்த்துவிடலாம்.

முத்திரையிலிருந்து ஆரம்பிப்போம். படத்தின் தொடக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸ் எழுத்து வந்தால், அதை அவர்களே எடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. ரோமா, பார்ட்டிசிபன்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பணம் போட்டு உருவான படம். வெளியிடும் உரிமையை நெட்ஃப்ளிக்ஸ் பிறகுதான் வாங்கியது. மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘தி ஐரிஷ்மேன்’ வந்த வழி வேறு. ஹாலிவுட் ஸ்டூடியோவான பாரமவுண்ட் அதிலிருந்து விலகிக்கொண்டதும், பெருஞ்செலவு என்று தெரிந்தே நெட்ஃப்ளிக்ஸ் அதை ஏற்றது. கில்லர்மோ டெல் டோரோவின் ‘பினோக்கியோ’ காத்திருந்த காலம் இன்னும் நீளம். 2008-லேயே அறிவித்த படம். 2017-ல்கூட எந்த ஸ்டூடியோவும் பணம் போட முன்வரவில்லை. 2018-ல் நெட்ஃப்ளிக்ஸ் சரி என்றது. படம் வந்தது 2022-ல்.

மற்றவர்கள் தயங்கியதற்கு நெட்ஃப்ளிக்ஸ் ஏன் சரி என்றது? கணக்கு வேறு, அவ்வளவுதான். தியேட்டருக்கு வரும் படத்துக்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் கூட்டம் வந்தாக வேண்டும். மாதச் சந்தாவில் ஓடும் சேவைக்கு ஒவ்வொரு படத்துக்கும் தனியாக டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொஞ்சம் பேருக்கே பிடித்தாலும், அவர்கள் சந்தாவைத் தொடர அது ஒரு காரணமாக இருந்தால் போதும். பெரிய இயக்குநர்களின் பெயரும் விருதுகளும் தரும் மரியாதையும் அந்த வருடங்களில் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தப் படங்கள் நுழைந்தன. யோசித்துப் பாருங்கள்: நட்சத்திரம் இல்லை, வண்ணம் இல்லை, பேசுவது ஸ்பானிஷும் மிஷ்டெக் என்ற பழங்குடி மொழியும். இப்படி ஒரு படத்தை எந்த ஊரில் எத்தனை தியேட்டரில் எத்தனை நாள் ஓட்டியிருப்பார்கள்?

(திரையில்: மெக்ஸிகோ நகரத் தெரு, 1970)

சரி, ரோமாவுக்கே வருவோம். ரோமா என்பது மெக்ஸிகோ நகரத்தில் ஒரு குடியிருப்புப் பகுதி. இயக்குநர் அல்போன்சோ குவாரோன் அங்கே வளர்ந்தவர். அவரை வளர்த்தது அந்த வீட்டில் வேலை செய்த லிபோ என்ற பெண். படத்தில் அவர்தான் கிளியோ. படம் முடிந்ததும் ‘லிபோவுக்கு’ என்று ஒரு வரி வரும். தன் வீட்டில் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, தன்னைத் தூங்கவைத்த ஒருவரை நடுவில் நிறுத்தி, தன் குடும்பத்தை ஓரத்துக்குத் தள்ளி எடுத்த படம். சொந்தக்காரர்கள் வீடுகளிலிருந்து பழைய மேசை நாற்காலிகளையெல்லாம் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து அந்த வீட்டை மறுபடி உண்டாக்கினார். ஒளிப்பதிவும் அவரே.

கிளியோவாக நடித்த யாலிட்சா அபரிசியோ அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தவர். காட்சிகளைக் கதையின் வரிசைப்படியே எடுத்தார்கள். முழுத் திரைக்கதையும் நடிகர்கள் கையில் கிடையாது. அதனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாத முகங்களைத்தான் நாம் பார்க்கிறோம். யாலிட்சாவின் பெயர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் வந்தது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஓர் இரவுப் பேருந்தில், போனில். இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. பல மாதம் கழித்து, வீட்டில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது, இதில் பின்னணி இசையே இல்லை. வீட்டு ரேடியோ பாடுகிறது. கத்திக்குச் சாணை பிடிப்பவரின் குழல் கேட்கிறது. நாய் குரைப்பது இடது காதில் தொடங்கி முதுகுக்குப் பின்னால் போகிறது. கிளியோ மாடியில் துணி துவைக்கும்போது பக்கத்து மாடிகளில் துவைப்பவர்களின் சத்தமும் சேர்ந்து வருகிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இன்னொரு இடம். அந்த வீட்டுக் கார் முற்றத்தை விட அகலம் போலத் தெரியும். குடும்பத் தலைவர் கையில் சிகரெட்டோடு, இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் என்று நகர்த்தி உள்ளே கொண்டுவருவார். அவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அவர் வீட்டை விட்டுப் போன பிறகு மனைவி அதே காரை ஓட்டி வருவார், இரண்டு பக்கமும் சுவரில் உரசிக்கொண்டு. அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதே இல்லை.

1971 ஜூன் 10 அன்று மெக்ஸிகோ நகரத்தில் மாணவர் ஊர்வலத்தின் மீது நடந்த படுகொலை படத்துக்குள் வருகிறது. நிறைமாதக் கிளியோ தொட்டில் வாங்க ஒரு கடை மாடியில் நிற்கிறாள். ஜன்னல் வழியாக அது தெரிகிறது. அடுத்து நடப்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். கடற்கரைக் காட்சியையும்தான்.

(திரையில்: முதுகில் ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மரப் பையன்)

இப்போது பினோக்கியோ. மகனைக் குண்டுவீச்சில் இழந்த ஒரு தச்சர், குடித்துவிட்டு, ஆத்திரத்தோடு செதுக்கிய பொம்மை இது. வேலையை முடிக்காமலே தூங்கிவிடுகிறார். அதனால்தான் முதுகில் ஆணிகள் அப்படியே இருக்கின்றன. கதை நடப்பது முசோலினி காலத்து இத்தாலியில். பிள்ளைகளைச் சொன்னபடி கேட்கும் சிப்பாய்களாக ஆக்கப் பார்க்கும் ஊரில், சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு மரப் பையன். பழைய கதையை இவ்வளவு துணிவாகத் திருப்பிப் போட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் படம்பிடித்து உருவாக்கியது இது. மற்றவர்களின் முகத்தில் சிலிக்கோன் தோல், அதற்கு அடியில் நுண்ணிய பொறிகள். அதனால் கன்னமும் புருவமும் இழுபடும். பையன் மட்டும் மரம். அவன் முகம் இழுபடக்கூடாது. அவனுக்கு மட்டும் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் வேறு வேறு முகங்களை அச்சிட்டு மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இவன் வேறு ஜாதி மரம் என்று மனசுக்குத் தெரியும். டெல் டோரோவோடு சேர்ந்து இதை இயக்கியவர் மார்க் கஸ்டாஃப்சன். 2023-ல் இருவரும் ஆஸ்கர் மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு கஸ்டாஃப்சன் காலமானார். டெல் டோரோ பெயரைச் சொல்லும்போதெல்லாம் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐரிஷ்மேனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 மணி 29 நிமிடம். கணினியால் வயதான நடிகர்களின் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள், ஆனால் ராபர்ட் டி நீரோ ஒருவரைக் கீழே தள்ளி உதைக்கும் இடத்தில் கால்களுக்கு வயது தெரிகிறது. அதை நான் மறைக்க மாட்டேன். இருந்தாலும் கடைசி அரை மணி நேரத்துக்காக மறுபடி பார்ப்பேன். தன் சவப்பெட்டியைத் தானே தேர்ந்தெடுக்கும் கிழவர், கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள் என்கிறார்.

2022-ல் வந்த ஜெர்மன் படம், ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. முதல் உலகப் போர். இறந்த சிப்பாயின் உடுப்பைக் கழற்றி, ரத்தம் போகத் துவைத்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தையல் மிஷினில் கிழிசலைத் தைக்கிறார்கள். அந்த உடுப்பு புதிதாகச் சேரும் பையன் கைக்கு வருகிறது. கழுத்துப்பட்டையில் வேறொருவர் பெயர். ‘இது இன்னொருவருடையது’ என்கிறான் அந்தப் பிள்ளை. அளவு சரியாக இருந்திருக்காது என்று சொல்லி, குமாஸ்தா அந்தப் பெயரைக் கிழித்துப் போடுகிறார். படம் முழுக்க மூன்றே சுரத்தில் வயிற்றைக் கலக்கும் ஓர் ஒலி வரும். அது, இசையமைப்பாளர் ஃபோல்கர் பெர்டெல்மானின் கொள்ளுப்பாட்டி வைத்திருந்த ஆர்மோனியம்! நம் ஊரில் பஜனைக்கும் நாடகத்துக்கும் வாசித்துக் கேட்ட வாத்தியத்தின் இனம்தான். அதற்குள் இப்படி ஒரு உறுமல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வருத்தமும் உண்டு. ரோமா கொஞ்சம் தியேட்டர்களில் மட்டும்தான் ஓடியது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் பெரிய அரங்கில் எப்படிக் கேட்டிருக்கும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் இன்று இரவு பார்ப்பதாக இருந்தால், விளக்கை அணையுங்கள், ஹெட்போன் போடுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். முதல் சில நிமிடம் தரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கடைசியில் கிளியோ துணி மூட்டையோடு மாடிப்படி ஏறிப் போவாள். அப்போது கேமரா நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். விமானம் மறுபடி வரும்.