சி புரோகிராமில் மெமரி கசிவு: ஒரு ஐஸ் ரூம் கதை

[திரையில்: விடியற்காலை காசிமேடு, ஐஸ் ஏற்றும் வண்டிகள்]

வணக்கம். காசிமேட்டில் ஐஸ் ரூம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ரூமின் வெப்பநிலையை நொடிக்கு ஒரு முறை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதியும். ஓடுவது 512 எம்பி மெமரி உள்ள குட்டி போர்டில். சில நாள் நன்றாக ஓடி, ஒரு ராத்திரி செத்துவிட்டது. “தம்பி, இதுக்கு சுவத்துல மாட்டுற தெர்மாமீட்டரே தேவலாம்பா” என்றார். லாகைப் பார்த்தால், மெமரி தீர்ந்துபோய் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவது, அதாவது மெமரி கசிவு.

[திரையில்: மூன்று வரி கோட்]

நான் முதலில் சந்தேகப்பட்டது, டேட்டாபேஸிலிருந்து பதிவுகளை எடுக்கும் செலக்ட் கட்டளை வரும் இடத்தை. அது சுத்தமாக இருந்தது. ஓட்டை இங்கே: பிகின் (தொடங்கு), இன்செர்ட் (பதிவைச் சேர்), கமிட் (உறுதிசெய்) என்ற மூன்று கட்டளைகள். மூன்றின் விடையும் ‘ரெஸ்’ என்ற ஒரே பாயின்டரில், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறியில். கடைசியில், விடையின் மெமரியை விடுவிக்கும் பிக்யூகிளியர் ஒரே ஒரு முறை. இன்செர்ட்தான் எந்த வரிசையும் தராதே என்று நினைத்தேன். ஆனால் கட்டளையை அனுப்பும் பிக்யூஎக்ஸெக், ஒவ்வொரு முறையும் பிஜிரிசல்ட் என்ற விடைப் பெட்டியை உருவாக்கித் தரும். விடுவிப்பது நம் பொறுப்பு. அடுத்த விடை வந்து உட்கார்ந்ததும் பழையதன் முகவரி போயே போச்சு. சீட்டைத் தொலைத்த வாடகை ஐஸ் பெட்டி மாதிரி. ஒன்று சில நூறு பைட்தான், ஆனால் நொடிக்கு இரண்டு தொலைந்தால் நாளுக்கு 1,72,800 முறை!

[திரையில்: வால்கிரைண்ட் அறிக்கை]

வரி எண்கள் தெரிய மைனஸ் ஜி போட்டு கம்பைல் செய்து, மெமரி கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் லீக்-செக் ஃபுல் என்று ஓட்டுங்கள். மெதுவாகத்தான் போகும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அறிக்கையில் மேலே மெமரி வாங்கும் மேலாக், அதன் கீழே லைப்ரரி பெயர்கள். அவற்றைத் திட்டாதீர்கள். இறங்கிக்கொண்டே போய், உங்கள் ஃபைல் பெயர் முதலில் வரும் வரியில் நில்லுங்கள். எனக்கு அது 41-ஆவது வரி, பிகின்.

சந்தேகம் இருந்தால் 10 பதிவு, அப்புறம் 100 பதிவு ஓட்டிப் பாருங்கள். அந்த வரியில் தொலைந்த பிளாக்கும் (மெமரித் துண்டு) 10, 100 என்று ஏறினால் அதுதான் திருடன். ‘ஸ்டில் ரீச்சபிள்’ (விடுவிக்கவில்லை, ஆனால் முகவரி இன்னும் கையில் இருக்கிறது) என்று வருவது இப்படி ஏறாமல் அப்படியே நின்றால், அதன் பின்னால் ஓட வேண்டாம்.

[திரையில்: நெட் துண்டித்த வயர்]

ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாக பிக்யூகிளியர் போட்டுச் சரிசெய்தும் கொஞ்சம் கசிந்தது. நெட் போனால் திரும்ப இணைக்கும் லூப்! இணைப்பு தோற்றாலும், டேட்டாபேஸோடு இணைக்கும் பிக்யூகனெக்ட்டிபி, பிஜிகான் என்ற இணைப்புப் பெட்டியைத் தந்துவிடுகிறது. அதை விடுவிக்க பிக்யூஃபினிஷ் போட வேண்டும். போட்டேன். வயரைப் பிடுங்கி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். காலையில், ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை காட்டிய மெமரி, ராத்திரி பார்த்த அதே எண்.