பர்ட்டனின் தாள்களும் இசபெல் மூட்டிய தீயும்

அவைத் தலைவர் அவர்களே, அன்பர்களே,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பயணிகளுள் ரிச்சர்ட் பிரான்சிஸ் பர்ட்டனைப் போல எழுதிக் குவித்தவர்கள் குறைவு. 1821-இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் பிறந்து, ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1842-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் சேர்ந்த அவர், நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி அச்சிட்டார். அவ்வளவு எழுதியவரின் மனத்தை நேராகக் காண நமக்கு வழி மிகக் குறைவு என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அவருடைய பயண நூல்களின் வரிசை நம் பக்கத்து மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. சிந்துவில் பணியாற்றியபோது உடல்நலம் குன்றி, மருத்துவ விடுப்பில் 1847-இல் கோவா வழியாக, மலபார்க் கரையோரமாக வந்து உதகமண்டலம் ஏறினார். அந்தப் பயணமே 1851-இல் அவருடைய முதல் பயண நூலாக வெளிவந்தது. தோடர், கோத்தர், படகர் ஆகியோரைப் பற்றி எழுதிய அதே கையால், உதகையில் ஓய்வெடுக்க வந்த தம் நாட்டு அதிகாரிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்மணிகளையும் கேலி செய்து தள்ளினார். மலைமக்களைப் பற்றிய பகுதியில் ஏளனத்தை ஒதுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. உதகையின் வெள்ளைக்காரச் சமூகத்தைப் பற்றிய பகுதியையோ இன்றும் ரசித்துப் படிக்கலாம்.

1853-இல் அவர் மெக்காவுக்குச் சென்றார். இஸ்லாமியர் அல்லாதவர் நுழையக் கூடாத நகரம் அது. பிடிபட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆப்கானியப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்த பட்டாணியராக, அப்துல்லா என்னும் பெயரில், மருந்து கொடுக்கும் வைத்தியராக அவர் வேடம் பூண்டார். வழியில் எவர் கண்ணிலும் படாமல் குறிப்பெடுப்பது எப்படி? சட்டைப்பையில் மறைகிற ஒடுக்கமான குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டார். வரைந்த படங்களைச் சிறு சதுரங்களாகக் கத்தரித்து, எண்ணிட்டு, மருந்துத் தகரக்குப்பிகளுக்குள் ஒளித்து வைக்கும் முறையையும் தம் நூலில் விவரித்திருக்கிறார். மெக்காவின் புனிதக் கட்டடமான கஅபாவின் உள்ளே சென்றபோது தாளை எடுக்க வழியில்லாததால், உடுத்தியிருந்த இஹ்ராம் என்னும் வெள்ளைப் புனிதப் பயணத் துணியிலேயே பென்சிலால் அதன் அமைப்பைக் கிறுக்கிக்கொண்டார். துணியில் கிறுக்கியவர், நூலில் அதே கட்டடத்தைப் பல பக்க அடிக்குறிப்புகளுடன் விளக்குகிறார். கிறுக்கலுக்கும் அடிக்குறிப்புக்கும் இடையே அவர் மனத்தில் ஓடியதைச் சொல்லியிருக்கக் கூடியவை அவருடைய நாட்குறிப்புகள்.

1858 பிப்ரவரியில் சக பயணி ஜான் ஹானிங் ஸ்பீக்குடன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியை அடைந்த வரலாறும், நைல் நதி எந்த ஏரியில் பிறக்கிறது என்பதைப் பற்றி இருவருக்கும் மூண்ட பகையும், 1864-இல் பாத் நகரில் இருவரும் நேருக்கு நேர் வாதிடவிருந்த நாளுக்கு முந்திய நாள் ஸ்பீக் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்ததும் பலரும் அறிந்தவை. அந்த ஏரிப் பயணத்தில் உடன் சென்றும் அதிகம் பேசப்படாத ஒருவர் சிதி முபாரக். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக மேற்கிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்றுத் திரும்பிய அவரோடு இரண்டு ஆங்கிலேயரும் பேசியது இந்துஸ்தானியில். அந்தப் பயணத்தை அவர் எப்படிக் கண்டார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய ஒரு வரியும் இல்லை. பர்ட்டனின் தாள்கள் எரிந்ததற்கு வருந்தும் நாம், தாளே இல்லாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பர்ட்டன் எழுதியவற்றில் இகழ்ச்சி ஏராளம் என்பதால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

இனி, தீ. ஒரு தீ முன்பே எரிந்திருந்தது: அவர் சேர்த்து வைத்த அரபு, பாரசீகக் கையெழுத்துப் படிகள் லண்டனில் கிரிண்ட்லே நிறுவனத்தின் கிடங்கோடு எரிந்து போயின. பெரிய தீ 1890 அக்டோபர் 20-க்குப் பிறகு மூட்டப்பட்டது. அன்று பர்ட்டன், அப்போது ஆஸ்திரியத் துறைமுகமாக இருந்த டிரியெஸ்ட்டில், பிரிட்டிஷ் தூதராக இருந்த நிலையில் காலமானார். ஒவ்வொரு நூலுக்கும் தனி மேசை போட்டு எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. அப்போது முடிவை நெருங்கியிருந்தது, அரபு மொழியின் காமநூல் ஒன்றுக்கு அவர் செய்து வந்த விரிவான புதிய மொழிபெயர்ப்பு. ஒரு பதிப்பாளர் ஆறாயிரம் கினி (அன்றைய ஆங்கிலப் பண அளவு) தர முன்வந்தும் அதை நெருப்பிலிட்டதாக அவருடைய மனைவி இசபெல், 1891 ஜூனில் மார்னிங் போஸ்ட் இதழுக்கு எழுதினார். ஆயிரத்து ஐந்நூறு பேர் வாங்கினால் பதினைந்து பேர்தான் அறிவியல் நோக்கோடு படிப்பார்கள் என்பது அவர் சொன்ன நியாயம்.

உலகம் கூச்சலிட்டது அந்த மொழிபெயர்ப்புக்காக. என் கருத்தில் அது சிறிய இழப்பு. அந்த அரபு நூல் இன்றும் இருக்கிறது. வேறு மொழிபெயர்ப்பாளர்கள் பின்னர் வந்தார்கள். ஆனால் நாட்குறிப்புகள், தனிப்பட்ட கடிதங்கள் ஆகியவற்றின் பெரும்பகுதியும் தீக்கிரையானது. மிஞ்சியவற்றில் ஒரு பங்கை, 1896-இல் இசபெல் இறந்த பின் அவருடைய தங்கை எரித்தார். அவற்றுக்கு வேறு படி கிடையாது.

எரிக்கும் முன் அந்த நாட்குறிப்புகளை வைத்துத்தான் இசபெல் 1893-இல் இரண்டு தொகுதிகளாகக் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் பர்ட்டன், உள்ளூரக் கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவராகத் தோன்றுகிறார். இதைப் பொறுக்காத பர்ட்டனின் சகோதரி மகள் ஜார்ஜியானா ஸ்டிஸ்டெட், 1896-இல் மறுப்பாகத் தாமே ஒரு வரலாறு எழுதி, அந்தக் கத்தோலிக்கச் சித்திரத்தை அடியோடு நிராகரித்தார். இருவரில் எவர் சொன்னது சரி என்று தீர்க்கக்கூடிய தாள்கள் சாம்பலாகிவிட்டன. மனைவியின் பக்கமா, மருமகளின் பக்கமா என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இன்னும் அலைக்கழிவது இதனால்தான். இசபெலைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. கணவரின் புகழைக் காக்கிறோம் என்று அவர் மெய்யாகவே நம்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சான்றை அழித்தவரே ஒரே சாட்சியாகவும் ஆகிவிட்டார்.

தப்பிய ஒன்று பர்ட்டனின் சொந்த நூலகம். அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை லண்டனில் கைமாறி, இப்போது கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. படிக்கும்போதே ஓரங்களில் பொடி எழுத்தில் மறுத்தும் திருத்தியும் எழுதுகிற வழக்கம் அவருக்கு உண்டு. அச்சுக்கென்று எழுதாத பர்ட்டனைத் தேடும் ஆய்வாளர்கள் இன்று புரட்டுவது அந்த ஓரங்களைத்தான்.