டூட்டி சார்ட்டில் தொடங்கும் மன அழுத்தம்

நேயர்களுக்கு வணக்கம். வேலை இடத்து மன அழுத்தம் என்றதும் யோகா வகுப்பு வைப்பார்கள், தியானம் சொல்லித் தருவார்கள். மருத்துவமனை, நூற்பாலை, கால் சென்டர் என்று ஷிஃப்டில் உழைப்பவர்களுக்கு அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது டூட்டி சார்ட்.

ஒரு நர்ஸுக்கு இரவு 8 மணிக்கு ஈவினிங் டூட்டி முடிகிறது. அடுத்தவரிடம் வார்டை ஒப்படைத்து, பஸ் பிடித்து வீடு சேர ஒன்பதரை. சாப்பிட்டு, பாத்திரம் கழுவிப் படுக்க 11 ஆகிவிடும். மறுநாள் காலை 7 மணி டூட்டிக்கு 5 மணிக்கே எழ வேண்டும். படுத்ததும் தூங்கினால்கூட 6 மணி நேரம்தான். இது அடிக்கடி நடந்தால் எரிச்சலும் மறதியும் காரணமில்லாத அழுகையும் வரத்தான் செய்யும். அவருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்வது அநியாயம். இரண்டு டூட்டிக்கு நடுவே இந்த 11 மணி நேரம் போதாது, இன்னும் கூடுதலாக விடுங்கள்.

மாற்றிப் போடும் வரிசையும் முக்கியம். காலை, மாலை, இரவு என்றே போக வேண்டும். பெரும்பாலோருக்கு உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். தொடர்ந்து 3 நைட்டுக்கு மேல் வேண்டாம். நைட் முடிந்து காலையில் வீடு திரும்பும் நாளையே வார விடுமுறையாகக் கணக்கு வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் பகல் தூக்கத்திலேயே போய்விடும். அதை ஓய்வு நாள் என்று எப்படிச் சொல்வது?

நைட் பார்ப்பவர்கள், அதிகாலை 2 மணிக்குப் பிறகு டீ, காபியைத் தவிர்த்துவிடுங்கள். குடித்த காஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயரலாம். அரை மணியைத் தாண்டினால் எழுந்ததும் தலை கனக்கும். பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, காலிங் பெல்லை அணைத்துவிட்டுப் படுங்கள். வீட்டில் இருப்பவர்களே, பகலில் படுத்திருக்கும் பெண்ணை "சும்மாதானே இருக்கா" என்று சிலிண்டர் வாங்க எழுப்பாதீர்கள்.

நன்றாகத் தூங்கியும் இரண்டு வாரமாகச் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 24 மணி நேரமும் இயங்குவதால் நைட் டூட்டி இடைவேளையில்கூட அழைக்கலாம்.