எலும்பு தின்னும் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம். மேலப்பாளையம் சந்தை ஆட்டின் நல்லி எலும்பு குழம்பில் கல் மாதிரிதான் கிடக்கும். ஆடு உயிரோடு இருந்தவரை அதே எலும்பு ராப்பகலாகக் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருந்தது.

எலும்பைக் கட்டுகிற செல் ஆஸ்டியோபிளாஸ்ட். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும், எடுக்கிற குளுக்கோஸில் பெரும்பகுதியை லாக்டேட்டாக்கி, அதாவது லாக்டிக் அமிலமாக்கி, வெளியே தள்ளிவிடும். இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2. செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால் ஏறத்தாழ 30. ஊதாரித்தனம்தான். ஆனால் வேகம் உண்டு. போகிற வழியில் பிரியும் கார்பனிலிருந்து செரின் என்ற அமினோ அமிலமும், அதிலிருந்து கிளைசின் என்ற அமினோ அமிலமும் கிடைக்கும். எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் ஆயிற்றே! அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் கொடுத்தால் எலும்பு லாக்டேட்டைக் கூடுதலாக விடும் என்பது 1960-களிலேயே தெரிந்த சங்கதி. அந்த அமிலமே எலும்பைக் கரைப்பதாக அப்போது பலர் நினைத்தார்கள். உண்மையில் கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற வேறு செல்; புரோட்டான் பம்ப் வைத்து, எலும்பில் ஒட்டிய இடத்தில் பிஎச் அளவை 4.5 வரை இறக்கும், அதாவது அமிலமாக்கும்.

அபிஷேகப்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் உயிர்வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லாக்டேட் அளக்கக் கடை எலும்பு ஆகாது. ரத்த ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் தீர்ந்து லாக்டேட் குவிந்துவிடும். ஆகவே செல் வளர்ப்பில் செய்யுங்கள். வளர்ப்புத் திரவத்தில் குளுக்கோஸ் 5.5 மில்லிமோலார் போதும். 25 என்பது கடுமையான சர்க்கரை நோயாளியின் ரத்தம். 6 குழித் தட்டில் குழிக்கு 2 மில்லி ஊற்றுங்கள். 4 மில்லி ஊற்றினால் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் சரியாக எட்டாது. மூச்சுமுட்டி அது விடும் லாக்டேட்டை அதன் இயல்பு என்று எழுதிவிடுவோம். வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்திலேயே (ரத்தத்தின் தெளிநீர்) லாக்டேட் இருப்பதால், செல் இல்லாத குழி ஒன்றையும் கூடவே வைத்து அந்த அளவைக் கழிக்க வேண்டும்.

கணக்கு லேசு. செலவான குளுக்கோஸ் 5 மைக்ரோமோல், வந்த லாக்டேட் 8 என்றால், ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு லாக்டேட் வீதம் 10 வந்திருக்கலாம். ஆக குளுக்கோஸில் 80 சதவீதம் லாக்டேட்டாகியிருக்கிறது. நூறைத் தாண்டினால் முதலில் கழித்தலைச் சரிபாருங்கள். இன்னொன்று: 2 மில்லியில் இருப்பது மொத்தமே 11 மைக்ரோமோல் குளுக்கோஸ். செல் நெருக்கமாக வளர்ந்திருந்தால் ஒரே நாளில் காலியாகலாம். ஆகவே 24 மணி நேரம் கழித்து மட்டும் எடுக்காமல், 6 மணி நேரத்திலும் 12 மணி நேரத்திலும் மாதிரி எடுங்கள்.