இரவுக் கதையை எப்படி வாசிப்பது?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரத்தில் கதைப் புத்தகம் வாசிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நடிக்கத் தெரியாதே என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நடிப்பு கொஞ்சம் இருந்தால் போதும், வேகத்தைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது.

நமக்குப் பழகிய வேகம் பிள்ளைக்கு அதிகம். கேட்கும் வாக்கியத்தை அது படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் கண் முழுக்கப் படத்தில்தான் இருக்கும். அதனால் கடைசி வரி முடிந்த கையோடு பக்கத்தைப் புரட்டாதீர்கள். மனதுக்குள் 3 வரை எண்ணுங்கள். "கதவு மெல்லத் திறந்தது, உள்ளே..." என்று பக்கம் முடிந்தால் 5 வரை எண்ணலாம். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை ஊகிப்பது அந்த நேரத்தில்தான்.

புத்தகத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. தமிழ் வாக்கியத்தில் யார் பேசினார், எப்படிப் பேசினார் என்பது பெரும்பாலும் கடைசியில் வரும். "எல்லாரும் ஓடுங்கள்!" என்று உரக்க வாசித்த பிறகு, "என ஆமை முணுமுணுத்தது" என்று வந்தால் தடுமாறிப்போவோம். அந்த இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதைக்கு 2 அல்லது 3 மாற்றுக் குரல்கள் போதும். அதற்கு மேல் போனால் எந்தக் குரல் யாருடையது என்று நாமே மறந்துவிடுவோம், பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அரக்கனுக்காகத் தொண்டையை இறுக்கிக் கரகரக்க வேண்டாம், சில நிமிடங்களில் வலிக்கும். தாழ்ந்த குரலில் சொற்களை இழுத்துப் பேசினாலே அரக்கன் வந்துவிடுவான். எலிக்குக் கீச்சுக் குரலும் தேவையில்லை, மெலிதாக, படபடவென்று பேசுங்கள்.

எழுத்துத் தமிழை அப்படியே வாசிக்கலாமா? விவரிப்பை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், பாத்திரங்களின் பேச்சை மட்டும் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழுவதையும் பேச்சுவழக்காக்கினால், பின்னால் தானே படிக்கும்போது தேவைப்படும் நடை பிள்ளையின் காதில் விழாமலே போய்விடும்.

அடுத்தது கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 2 வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு, விரிவாகப் பதில் சொல்ல வைக்கும் கேள்விகளைக் கேட்கவும், பிள்ளை சொன்னதை நீட்டித் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. பகலில் இதைத் தாராளமாகச் செய்யுங்கள். இரவில் ஒன்றிரண்டு கேள்விகள் போதும், அவையும் கதையின் முதல் பாதியிலேயே. "இது என்ன நிறம்?" என்று சோதிக்கும் கேள்வி எந்த நேரத்திலும் கதையைப் பாடமாக்கிவிடும்.

பின்பாதியில் குரல் இறங்க வேண்டும். சிரிப்பு, துரத்தல், பெரிய சத்தம் எல்லாம் முன்பாதியோடு முடியும் கதையாகத் தேர்ந்தெடுத்தால் இது தானாக அமையும். கடைசிப் பக்கங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு முழு மூச்சு விடுங்கள். பாதியில் கண் மூடிவிட்டால் சட்டென்று நிறுத்தாதீர்கள், திடீர் அமைதியே எழுப்பிவிடும். இன்னும் ஓரிரு நிமிடம் வாசித்தபடியே குரலைத் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.

அதே கதையைத் தினமும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட 3 வயதுப் பிள்ளைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட அவற்றை நன்றாகக் கற்றதாக 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. களைப்பில் பக்கத்தைத் தாண்டினால் மாட்டிக்கொள்வோம். நேரமில்லாத நாளில் முதலிலேயே சின்னப் புத்தகமாக எடுத்துவிடுங்கள்.

தொடர்கதை வாசிக்கும் வீடுகளில், ஆபத்தின் நடுவில் நிறுத்தினால் பிள்ளைக்குத் தூக்கம் வராது. நாயகி கிணற்றிலிருந்து ஏறி வந்துவிட்டாள் என்ற வரிவரை வாசித்துவிட்டு மூடுங்கள். அவளைத் தள்ளியது யார் என்பது நாளைக்கு இருக்கட்டும்.