ஆஞ்சியோவுக்கு அப்புறம் தொடை இடுக்குல ரத்தமா? நீங்க அழுத்துற இடம் தப்பு!

[திரையில்: தொடை இடுக்கின் படம். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி.]

தொடை இடுக்கு வழியா ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிய குழாய் விட்டு இதயத்தைப் பார்க்கிற ஆஞ்சியோ முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ராத்திரி பாத்ரூம் போயிட்டு வர்றப்போ தொடை இடுக்குல ஈரமா இருக்கு. தொட்டுப் பார்த்தா ரத்தம். உடனே என்ன பண்ணுவீங்க? ஓட்டை எங்க தெரியுதோ அங்க விரலை வச்சு அமுக்குவீங்க. ஆனா ரத்தம் வர்ற ஓட்டை, அதாவது ரத்தக்குழாய்ல இருக்கிற ஓட்டை, அங்க இல்லைங்க. அதுக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மேல, தொப்புள் பக்கமா இருக்கு.

ஏன்னு சொல்றேன். முதல்ல கொஞ்சம் பின்கதை, சட்டுனு முடிச்சிடுறேன். ஊசி குத்தி, அதுக்குள்ள கம்பி விட்டு, ஊசியை எடுத்துட்டு, கம்பி மேலயே குழாயை ஏத்துற முறையை 1953-ல ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் வெளியிட்டார். இன்னைக்கும் அடிப்படை அதேதான். இப்போ நிறைய ஆஞ்சியோ மணிக்கட்டு வழியாவே நடக்குது. ஆனாலும் அப்லேஷன் (இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுறதைச் சரி பண்ற சிகிச்சை), இதய வால்வைக் குழாய் வழியா மாத்துறது, கையில ரத்தக்குழாய் சரியில்லாதவங்களுக்குப் பண்ற ஆஞ்சியோ, இதுக்கெல்லாம் தொடை இடுக்குதான் வழி.

இப்போ அந்த ரெண்டு ஓட்டை விஷயம். புடவை மடிப்புல ஊக்கு குத்துறதை நினைச்சுப் பாருங்க. ஊக்கைச் சாய்ச்சுத்தானே குத்துறோம்? மேல் மடிப்புல நுழைஞ்ச இடமும், அடி மடிப்புல ஏறுற இடமும் ஒண்ணா இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். இங்கேயும் ஊசி ஏறக்குறைய 45 டிகிரி சாய்வுல, தலைப்பக்கம் பார்த்துப் போகுது. தோல் மேல் மடிப்பு, ரத்தக்குழாய் அடி மடிப்பு. தோல்ல தெரியுற புள்ளியை மட்டும் அடைச்சா வெளியே ரத்தம் நின்ன மாதிரி இருக்கும். உள்ளே கசிஞ்சுகிட்டே இருக்கும், தொடை வீங்கும்.

அதனால ரத்தம் வந்தா உடனே மட்டமாப் படுங்க. புள்ளிக்கு ரெண்டு சென்டிமீட்டர் மேல, நாடி துடிக்கிற இடத்துல, மூணு விரலைச் சேர்த்து வச்சு நல்லா அழுத்துங்க. அங்க ஏன்னா, ரத்தக்குழாய்க்குப் பின்னால தொடை எலும்போட தலை இருக்கு. அந்த எலும்போட சேர்த்து வச்சு அமுக்கினாத்தான் குழாய் நசுங்கும். கடிகாரம் பார்த்து 10 நிமிஷம். நடுவுல விரலை எடுத்து ‘நின்னுடுச்சா’ன்னு பார்க்காதீங்க, இது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு தடவை எடுக்கிறப்பவும் அப்பத்தான் உறைஞ்ச ரத்தம் பிரிஞ்சு வந்துடும். 10 நிமிஷத்துல நிக்கலைன்னாலும், பீச்சி அடிச்சாலும் ஆம்புலன்ஸ்தான்: தமிழ்நாட்டுல 108, இலங்கையில 1990. வண்டி வர்ற வரைக்கும் கை எடுக்கக் கூடாது. வீட்ல கூட இருக்கிறவங்களுக்கு இந்த இடத்தை இன்னைக்கே காட்டி வையுங்க. பதற்றத்துல நீங்க சொல்ற நிலைமையில இருக்க மாட்டீங்க.

[திரையில்: ரீஃபில், அதன் பக்கத்தில் குழாய்கள்.]

வலி எவ்வளவு இருக்கும்? உள்ளே விட்ட குழாயோட பருமனைப் பொறுத்தது. இதை ‘ஃபிரெஞ்ச்’ங்கிற அளவுல சொல்வாங்க, 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். சாதாரண ஆஞ்சியோவுக்கு 6 ஃபிரெஞ்ச், அதாவது 2 மில்லிமீட்டர். குழாயோட சுவரையும் சேர்த்தா கிட்டத்தட்ட ஒரு பால்பாயின்ட் ரீஃபில் தடிமன். அப்லேஷன்ல 8 ஃபிரெஞ்ச் குழாய் ரெண்டு மூணு போகும், அதனால அவங்களுக்கு வலி கூடுதலா இருக்கலாம். மரத்துப்போற ஊசி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல விட்டுடும். வலி அப்பத்தான் ஆரம்பிக்கும். முதல் ரெண்டு மூணு நாள் அதிகமா இருந்து, ஒரு வாரத்துல நல்லாக் குறையும்.

அடுத்து நிறம். மூணாவது நாள் லுங்கியை விலக்கிப் பார்த்துட்டு நிறைய பேர் ஆடிப் போறது இதுக்குத்தான். கருநீலமா இருந்த ரத்தக்கட்டு பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகும். கசிஞ்ச ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை உடம்பு உடைக்கிறப்போ முதல்ல பிலிவெர்டின்னு ஒரு பச்சை நிறமி வருது, அதுல இருந்து பிலிரூபின் வருது. மஞ்சள் காமாலையில கண்ணை மஞ்சளாக்குற அதே பிலிரூபின்! ஆக, பச்சையும் மஞ்சளும் சீழ் இல்ல, ஆறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ரத்தக்கட்டு கீழ இறங்கவும் செய்யும். நிக்கிறோம், நடக்கிறோம் இல்லையா? முழங்கால் வரைக்கும் வரலாம், ஆம்பளைங்களுக்கு விதைப்பை கூடக் கறுக்கலாம். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுறவங்களுக்கு இது இன்னும் பெருசாத் தெரியும். அதைப் பார்த்துட்டு அந்த மாத்திரைகளை நீங்களா நிறுத்திடாதீங்க. புதுசா வச்ச ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழாய்) அடைச்சா உயிருக்கே ஆபத்து.

நிறத்துக்குப் பயப்படாதீங்க, கட்டியைக் கவனிங்க. பட்டாணி அளவுல கெட்டியா ஒண்ணு தட்டுப்பட்டா பரவாயில்ல, சில வாரத்துல கரையும். ரத்தக்குழாய் ஓட்டையை மூட கொலாஜன் (ஒரு வகைப் புரதம்) அடைப்பான் வச்சிருந்தா அதுவும் அப்படித் தட்டுப்படும், சுமார் 90 நாள்ல கரைஞ்சிடும். ஆனா கட்டி பெருசாகிட்டே போனாலோ, விரல் வச்சா நாடி மாதிரித் துடிச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தக்குழாய்ச் சுவர் மூடாம ரத்தம் வெளிய பை மாதிரி தேங்கியிருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன்ல தெரிஞ்சிடும், பெரும்பாலும் ரத்தத்தை உறைய வைக்கிற திராம்பின் ஊசியிலயே சரி பண்ணிடுவாங்க. கால் ஜில்லுனு வெளுத்துப் போனாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அதே மாதிரி உடனே காட்டுங்க. ஒண்ணை மட்டும் தனியாச் சொல்றேன்: தொடையில ஒண்ணுமே தெரியாம, இடுப்பும் முதுகும் கடுமையா வலிச்சு, வேர்த்து, தலை சுத்தினா, ரத்தம் வயித்துக்குப் பின்னால கசியலாம். ‘படுத்தே கிடந்ததால முதுகு வலி’ன்னு விட்டுடாதீங்க.

அப்புறம் நம்ம வீட்டு வைத்தியம். தைலம், சூடான ஒத்தடம், நல்லெண்ணெய் போட்டு நீவுறது எதுவும் வேண்டாம். சூடு ரத்தக்குழாயை விரிக்கும், நீவினா உறைஞ்சது பிரியும். மஞ்சள், காபித்தூள் வைக்கவே கூடாது. முதல் ரெண்டு நாள் ஐஸைத் துணியில சுத்தி 10 நிமிஷம் வைக்கலாம். வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையைக் கடையில நீங்களா வாங்காதீங்க, ரத்தக்கசிவு கூடும்.

ஒரு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல தூக்க வேண்டாம். ஒரு குடம் தண்ணியே 10 கிலோவைத் தாண்டும், கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. சம்மணம் போட்டு உட்கார்றது, பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்றது, குளம் கிணத்துல குளிக்கிறது எல்லாம் அந்த வாரம் முழுக்க ஒத்தி வையுங்க. 24 மணி நேரம் கழிச்சு, டாக்டர் சரின்னா, நின்னுகிட்டு மொண்டு ஊத்திக் குளிக்கலாம். குந்தி உட்கார்ற கக்கூஸ்தான் வீட்ல இருக்குன்னா, நடுவுல ஓட்டை வச்ச பிளாஸ்டிக் கமோட் நாற்காலி மருந்துக் கடையில கிடைக்கும். முக்காம போற அளவுக்கு வாழைப்பழம், கீரை, தண்ணி. தண்ணிக்கு அளவு சொல்லியிருந்தா அதுக்குள்ள. இருமல், தும்மல் வந்தா அந்த இடத்துல உள்ளங்கையை வச்சு அமுக்கிக்கோங்க. படி ஏறுறப்போ நல்ல கால் முதல்ல, இறங்குறப்போ வலிக்கிற கால் முதல்ல.

[திரையில்: ரத்தக்கட்டின் ஓரத்தில் பேனா கோடு.]

இப்போ வீடியோவை நிறுத்திட்டு ஒரு பேனா எடுங்க. ரத்தக்கட்டோட ஓரத்தைச் சுத்தி லேசாக் கோடு போட்டு, பக்கத்துல நேரத்தை எழுதி, போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. நாளைக்குக் காலையில கோட்டைத் தாண்டியிருந்தா, கூடவே அங்க கெட்டியா வீங்கியும் இருந்தா, கமென்ட்ல கேட்டுக் காத்திருக்காதீங்க. அந்தப் படத்தோட நேரா உங்க டாக்டர்கிட்ட போங்க.